ஷட் டவுன் பண்ணப் போனா அப்டேட் ஆரம்பிக்குதா? புதுசா கம்ப்யூட்டர் வாங்குனவங்களுக்கு ஒரு வழிகாட்டி

கெளம்புற நேரம், சார்ஜர சுருட்டியாச்சு, பை தோள்ல ஏறியாச்சு, லேப்டாப்ப ஆஃப் பண்ணி உள்ள தள்ளுனா வேலை முடிஞ்சுதுன்னு ஸ்டார்ட் மெனுவ தட்டுனா, எப்பவும் ஷட் டவுன் இருக்குற எடத்துல "அப்டேட் அண்ட் ஷட் டவுன்"னு வந்து நிக்குது. சரி போகட்டும்னு தட்டிட்டா ஒரு வட்டம் சுத்த ஆரம்பிக்கும், கீழ பர்சன்ட் ஓடும், ஆஃப் பண்ணாதீங்கன்னு ஒரு வரி வேற. எனக்கு வர்ற போன் கால்ல பாதி இந்த எடத்துலேந்துதான் வரும். "அண்ணா, 30 பர்சன்ட்லயே நிக்குது, பவர் பட்டன அமுக்கிடட்டுமா?"

அமுக்காத தம்பி. நான் அமுக்கி பாத்தவன், அதனால சொல்றேன். ஒரு தடவை அவசரத்துல பட்டன பிடிச்சு அமுக்கி ஆஃப் பண்ணிட்டு போயிட்டேன், திரும்ப வந்து ஆன் பண்ணா செஞ்சதையெல்லாம் திரும்ப எடுக்குறேன்னு ஒரு ஸ்க்ரீன் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னுச்சு, அதுக்கப்புறம் அதே அப்டேட்ட மொதல்லேந்து போட்டுச்சு. பத்து நிமிஷம் மிச்சம் பண்ணப் போய் அன்னைக்கு பாதி நாள் போச்சு.

இதுல நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். ஷட் டவுன் பண்ற நேரத்துல அப்டேட்ட சந்திக்காதீங்க, அதுக்கு முன்னாடியே உங்களுக்கு வசதியான நேரத்துல நீங்களா கூப்பிட்டு முடிச்சு அனுப்பிடுங்க. எப்படின்னு ஒண்ணொண்ணா பாப்போம். பெரும்பாலும் விண்டோஸ் 11ஐ வெச்சுதான் சொல்றேன், 10லயும் கிட்டத்தட்ட இதேதான், மெனு இருக்குற எடம் மட்டும் கொஞ்சம் மாறும்.

ஏன் ஆஃப் பண்ணும்போதுதான் வருது

பாய்ல ஆள் உக்காந்திருக்கும்போது பாய மடிக்க முடியுமா? அதே கதைதான். விண்டோஸ் ஓடிட்டிருக்கும்போது அதோட ஃபைல் பலதும் யூஸ்ல இருக்கும், யூஸ்ல இருக்குற ஃபைல தூக்கிட்டு புதுச வைக்க முடியாது. அதனால டவுன்லோட் பண்றது, விரிச்சு தயார் பண்றது எல்லாத்தையும் நீங்க வேலை பாக்கும்போதே பின்னாடி முடிச்சு வெச்சுக்கும். அந்த நேரத்துல லேப்டாப் திடீர்னு மந்தமாகி ஃபேன் கத்துனா எந்த ப்ரோக்ராம் எவ்வளவு வேலை வாங்குதுன்னு காட்டுற டாஸ்க் மேனேஜர தொறந்து பாருங்க, "விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்"னு ஒண்ணு மேல வந்து நின்னு சிபியுவ, அதாவது கம்ப்யூட்டரோட மூளைய, தின்னுட்டிருக்கும். வைரஸ்னு பயந்து அத என்ட் டாஸ்க் பண்ணாதீங்க, அதுதான் அப்டேட்ட போடுற ஆள்.

மிச்சம் இருக்குற மாத்துற வேலைய எல்லாரும் எழுந்து போனப்புறம், அதாவது ஆஃப் ஆகும்போதும் திரும்ப ஆன் ஆகும்போதும் செய்யும். அதனாலதான் ராத்திரி கொஞ்சம் பர்சன்ட் ஓடி ஆஃப் ஆகிடுது, காலைல ஆன் பண்ணா மிச்ச பர்சன்ட் ஓடுது. நேத்தே முடிஞ்சுதேன்னு நெனைக்காதீங்க, நேத்து நடந்தது பாதிதான்.

இது எப்ப வரும்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கலாம், அதுதான் இதுல இருக்குற ஒரே நல்ல விஷயம். மைக்ரோசாஃப்ட் 2003லேந்து மாசாமாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க நேரப்படி, செக்யூரிட்டி அப்டேட்ட வெளியிடுது. நடுவுல அவசரமா ஒண்ணு ரெண்டு வர்றதும் உண்டு, ஆனா பெரிய கூட்டம் அன்னைக்குதான். மாசக் கடைசி வாக்குல "ப்ரிவ்யூ"ன்னு ஒண்ணு வரும், அது நம்ம இஷ்டம், புதுசா வந்தவங்க அத தொடவே வேணாம்.

பவர் மெனுவ படிக்க கத்துக்கோங்க

அப்டேட் தயாரா இருந்தா பவர் ஐகான்ல ஆரஞ்சு கலர்ல ஒரு சின்ன புள்ளி வரும். தட்டுனா நாலு வரி இருக்கலாம்: அப்டேட் அண்ட் ஷட் டவுன், ஷட் டவுன், அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட், ரீஸ்டார்ட். நெறைய பேரு மேல இருக்குறத மட்டும் பாத்துட்டு வேற வழியே இல்லைன்னு நெனைக்கிறாங்க, பொறுமையா கீழ வரைக்கும் பாருங்க, வெறும் ஷட் டவுன் அங்கயே இருக்கலாம். எஸ்எஸ்டி, அதாவது பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா வர்ற வேகமான டிஸ்க், இருக்குற மெஷின்ல எத்தன நிமிஷம் ஆகும்னு ஒரு கணக்கும் பக்கத்துல போட்டிருக்கும். அந்த கணக்க அப்படியே நம்பி பஸ் ஏற ப்ளான் போடாதீங்க, அஞ்சு நிமிஷம்னு சொன்னா பதினஞ்சுன்னு வெச்சுக்கோங்க.

நேரம் இருக்கும்போது எத தட்டுறது? என் ஓட்டு அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்டுக்கு. ஷட் டவுன் கேட்டா பாதி வேலை அடுத்த நாள் ஆன் பண்ணும்போதுதான் முடியும், அது நீங்க காலைல மீட்டிங்ல சேர போற நேரமா இருக்கும். ரீஸ்டார்ட்டுன்னா ரெண்டு பாதியும் உங்க கண்ணு முன்னாடியே முடிஞ்சு லாகின் ஸ்க்ரீன் வந்து நிக்கும், அதுக்கப்புறம் நிம்மதியா ஷட் டவுன் பண்ணலாம்.

இன்னொரு காரணமும் இருக்கு. அப்டேட் அண்ட் ஷட் டவுன் தட்டுனா அப்டேட் முடிஞ்சப்புறம் மெஷின் ஆஃப் ஆகாம திரும்ப ஆன் ஆகி லாகின் ஸ்க்ரீன்ல உக்காந்திருக்குற ஒரு கோளாறு ரொம்ப நாளா இருந்துச்சு. 2025 அக்டோபர் கடைசில விண்டோஸ் 11க்கு வந்த ப்ரிவ்யூ அப்டேட்லதான் அத சரி பண்ணதா மைக்ரோசாஃப்டே சொல்லுச்சு. அதனால பழைய வெர்ஷன்ல இருக்குறவங்க அத தட்டிட்டு அப்படியே மூடி பைக்குள்ள போட்டுட்டு போகாதீங்க. லைட் எல்லாம் அணைஞ்சு ஃபேன் நின்னுடுச்சான்னு கண்ணால பாத்துட்டு மூடுங்க. உள்ள ஓடிட்டிருக்குற லேப்டாப்ப பைக்குள்ள வெச்சா காத்து போக வழியில்லாம சூடாகி பேட்டரியும் காலியாகும்.

இப்பவே கெளம்பணும், அப்டேட் வேணாம்னா

இதுக்குத்தான் நீங்க வந்திருப்பீங்க.

மொதல்ல தொறந்திருக்குற எல்லா ஃபைலயும் சேவ் பண்ணி எல்லாத்தையும் மூடுங்க. டெஸ்க்டாப்ல காலியா இருக்குற எடத்துல ஒரு தடவை கிளிக் பண்ணிட்டு ஆல்ட்டும் எஃப்4ம் சேத்து அமுக்குங்க, சில லேப்டாப்ல எஃப்என் பட்டனையும் சேத்து அமுக்கணும். பழைய காலத்து விண்டோஸ்ல வர்ற மாதிரி ஒரு சின்ன பெட்டி வரும். அதுல இருக்குற அம்புக்குறிய தட்டி லிஸ்ட்ட விரிச்சா அப்டேட் ஒட்டாத வெறும் ஷட் டவுன் இருக்கலாம், அத எடுத்து ஓகே குடுங்க. ஏதாவது ஒரு ஃபைல் முன்னாடி தொறந்திருக்கும்போது ஆல்ட் எஃப்4 அமுக்குனா அந்த ஃபைல்தான் மூடும், பெட்டி வராது, அப்புறம் இது வேலை செய்யலன்னு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க.

அங்கயும் வெறும் ஷட் டவுன் இல்லையா, அப்ப ஷட் டவுனே பண்ணாதீங்க. ஸ்லீப் போட்டுட்டு போங்க, ஸ்லீப் தட்டுன உடனே அப்டேட் ஆரம்பிக்காது. தூரமா போறீங்க, லேப்டாப் ரொம்ப நேரம் பைலயே கெடக்கும்னா ஸ்லீப்ப விட ஹைபர்னேட் நல்லது, ஏன்னா அதுல நீங்க தொறந்து வெச்சதெல்லாம் டிஸ்க்ல எழுதிட்டு மெஷின் முழுசா ஆஃப் ஆகிடும். ஆனா ஹைபர்னேட் மெனுல பொதுவா ஒளிஞ்சிருக்கும். கண்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போங்க, எடது பக்கம் "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ"ன்னு இருக்கும், அதுக்குள்ள போனா கீழ ஹைபர்னேட்டுன்னு ஒரு டிக் பாக்ஸ் மங்கலா தெரியும், கிளிக் ஆகாது. மேல "சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்"னு நீல எழுத்துல ஒரு வரி இருக்கு பாருங்க, அத தட்டுனப்புறம்தான் டிக் போட விடும். போட்டுட்டு சேவ் சேஞ்சஸ்.

சில சமயம் ஷட் டவுன் குடுத்தா அப்டேட்டும் இல்லாம ஆஃப்பும் ஆகாம, இந்த ஆப் ஷட் டவுன தடுக்குதுன்னு ஒரு ஸ்க்ரீன் வரும். அது வேற விஷயம், பெரும்பாலும் எங்கயோ சேவ் பண்ணாத ஃபைல் ஒண்ணு கெடக்குதுன்னு அர்த்தம். கேன்சல் குடுத்து போய் சேவ் பண்ணிட்டு வாங்க, கண்ண மூடிட்டு ஷட் டவுன் எனிவே தட்டாதீங்க.

தெனமும் ஆஃப் பண்றேனே, அப்புறமும் ரீஸ்டார்ட் கேக்குதே

இந்த கேள்வி கேக்குறவங்க மேல தப்பே இல்ல. டாஸ்க் மேனேஜர தொறந்து பெர்ஃபார்மன்ஸ்ல சிபியு பக்கம் போனா கீழ "அப் டைம்"னு ஒண்ணு ஓடிட்டிருக்கும். தெனம் ராத்திரி ஷட் டவுன் பண்ற ஆளோட லேப்டாப்ல அங்க 12 நாள்னு காட்டும், எப்படி?

விண்டோஸ் 8லேந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. அது ஆன்ல இருந்தா நீங்க ஷட் டவுன் பண்ணும்போது உங்க ஆப்ஸ மூடி உங்கள வெளிய அனுப்பிட்டு, விண்டோஸோட கெர்னல, அதாவது அதோட மையப் பகுதிய மட்டும் அப்படியே டிஸ்க்ல எழுதி வெச்சுக்கும், காலைல அதையே எடுத்து விரிக்கும், சீக்கிரம் ஆன் ஆகும். ஆனா உண்மைல அது தூங்கி எழுந்ததுதான், புதுசா பொறந்தது கெடையாது. அப்டேட்டுக்கோ முழுசா ரீஸ்டார்ட் வேணும், அது நடக்காததால சில அப்டேட் முடியாம தொங்கிட்டே இருக்கும், ஆரஞ்சு புள்ளியும் போகாது. ரீஸ்டார்ட்டுல இந்த ஷார்ட்கட் கெடையாது, முழுசா மூடி முழுசா தொறக்கும். அதனால வாரத்துக்கு ஒரு தடவையாவது ஷட் டவுனுக்கு பதிலா ரீஸ்டார்ட் குடுங்க. ஷட் டவுனயே முழுசா பண்ணணும்னா ஷிஃப்ட்ட பிடிச்சுக்கிட்டே ஷட் டவுன தட்டுங்க. எப்பவுமே வேணாம்னா, ஹைபர்னேட் டிக் போட்டோமே, அதே பக்கத்துல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கும் இருக்கு, எடுத்துடலாம். எஸ்எஸ்டி இருக்குற மெஷின்ல அது இல்லாததுல பெரிய வித்தியாசம் தெரியறதில்ல, நான் வாங்குன அன்னைக்கே எடுத்துடுவேன்.

ஒரு தடவை செட் பண்ணா போதும்

செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். இதுக்குள்ள ஆக்டிவ் ஹவர்ஸ்னு ஒண்ணு இருக்கு, நீங்க வேலை பாக்குற நேரம் என்னன்னு விண்டோஸுக்கு சொல்ற எடம். அந்த நேரத்துல அதுவா ரீஸ்டார்ட் பண்ணாது. தானா கணிக்க விடாம மேனுவல்ல வெச்சு காலைல 7லேந்து ராத்திரி 12 வரைக்கும்னு போடுங்க, அதிகபட்சம் 18 மணி நேரம் வரைக்கும் போட விடும். ராத்திரி முழுக்க வீடியோ ரெண்டர் ஆகட்டும், டவுன்லோட் ஆகட்டும்னு விட்டுட்டு தூங்குறவங்க அந்த ராத்திரி நேரமும் உள்ள வர்ற மாதிரி போடணும், இத பாக்காமதான் காலைல தலைல கை வைப்பாங்க.

அதே பக்கத்துல ரீஸ்டார்ட் தேவைப்பட்டா எனக்கு சொல்லுன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், ஆன் பண்ணுங்க. முன் பக்கத்துல "அப்டேட் கெடைச்ச உடனே எனக்கு மொதல்ல குடு"ங்கற மாதிரி ஒரு ஸ்விட்ச் இருக்கும், அது ஆஃப்லயே இருக்கட்டும்.

பாஸ் அப்டேட்ஸ்னு ஒண்ணும் இருக்கு. பரீட்சை, டெட்லைன், பயணம்னு ஏதாவது இருந்தா ஒரு வாரத்துலேந்து அஞ்சு வாரம் வரைக்கும் தள்ளி வைக்கலாம். தள்ளி வெச்ச காலம் முடிஞ்சா வந்தத போட்டுட்டுதான் அடுத்த தடவை தள்ளி வைக்கணும். மொபைல் ஹாட்ஸ்பாட்ல ஓட்டுறவங்க அந்த வைஃபையோட ப்ராப்பர்டீஸ்ல போய் மீட்டர்டு கனெக்ஷன ஆன் பண்ணுங்க, பெரிய அப்டேட் எதுவும் தானா டவுன்லோட் ஆகி டேட்டாவ குடிக்காது.

மொத்தமா நிறுத்த வழி இருக்கான்னு கேப்பீங்க. இருக்கு, பண்ணாதீங்க. பின்னாடி ஓடுற வேலைங்களோட லிஸ்ட்டான சர்வீசஸ்ல போய் விண்டோஸ் அப்டேட்ட டிசேபிள் பண்ணா அத திரும்ப எழுப்பி விடறதுக்குன்னே இன்னொரு சர்வீஸ் உள்ள உக்காந்திருக்கு, ஆட்டம் முடியாது. நிறுத்தவே நிறுத்தி ஜெயிச்சவங்களுக்கு என்ன ஆகும்ங்கறதுக்கு, கம்ப்யூட்டர்ல இருக்குற ஃபைல பூட்டி வெச்சுட்டு பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ்தான் பாடம். அது நுழைஞ்ச ஓட்டைய அடைக்குற அப்டேட் 2017 மார்ச் 14 அன்னைக்கே வந்துடுச்சு, வைரஸ் பரவ ஆரம்பிச்சது மே 12. ரெண்டு மாசம் டைம் இருந்தும் அப்டேட் போடாம விட்ட மெஷினுங்கதான் மாட்டுச்சு.

அதுக்காக வந்த அன்னைக்கே போடணும்னும் நான் சொல்ல மாட்டேன். 2018 அக்டோபர்ல வந்த விண்டோஸ் 10 பெரிய அப்டேட் சில பேரோட டாக்குமெண்ட்ஸயே அழிச்சுட்டு போச்சு, உடனே நிறுத்தி வெச்சு நவம்பர்லதான் திரும்ப விட்டாங்க. அதனால என் வழக்கம், ரெண்டாவது செவ்வாய் முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை. முக்கியமான ஃபைல வெளி டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்துட்டு, சார்ஜர சொருகி, செட்டிங்ஸ்ல போய் நானே செக் ஃபார் அப்டேட்ஸ் தட்டி, ரீஸ்டார்ட் குடுத்துட்டு குளிக்கப் போயிடுவேன். வந்து பாத்தா லாகின் ஸ்க்ரீன் நிக்கும். அந்த மாசம் ஷட் டவுன் மெனுல ஆரஞ்சு புள்ளிய அநேகமா பாக்கவே மாட்டேன்.

பர்சன்ட் நகரலன்னா

பர்சன்ட் சீரா ஏறாது, மொதல்ல குடுகுடுன்னு ஓடி ஒரு எடத்துல அப்படியே நிக்கும், பழைய ஹார்ட் டிஸ்க்கா இருந்தா இன்னும் ரொம்ப நேரம் நிக்கும். டிஸ்க் லைட் இருக்குற மெஷின்னா அது மினுக்குதான்னு பாருங்க, மினுக்குனா உள்ள வேலை நடக்குது. லைட் இல்லாத லேப்டாப்னா சார்ஜர் சொருகியிருக்கான்னு மட்டும் பாத்துட்டு விட்டுடுங்க. நடுவுல ரெண்டு மூணு தடவை தானா ரீஸ்டார்ட் ஆகலாம், அதுவும் சகஜம். நான் ரெண்டு மூணு மணி நேரம் வரைக்கும் கை வைக்க மாட்டேன், ராத்திரியா இருந்தா காலைல பாத்துக்கலாம்னு தூங்கிடுவேன்.

காலைலயும் அதே பர்சன்ட், லைட்டும் இல்லன்னா அப்ப மட்டும் பவர் பட்டன பத்து செகண்டுக்கு மேல அமுக்கி பிடிச்சு ஆஃப் பண்ணி திரும்ப ஆன் பண்ணுங்க. பெரும்பாலும் அதுவே பழைய நெலைக்கு திரும்பி லாகின் வரைக்கும் வந்துடும். வரலன்னா, ரெண்டு மூணு தடவை ஆன் ஆக முடியாம தடுமாறுனப்புறம் ரிப்பேர் ஸ்க்ரீன் தானா வரும். அதுல ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்னு போய் கடைசியா வந்த குவாலிட்டி அப்டேட்ட, அதாவது மாசாமாசம் வர்ற வகைய, எடுங்க. இதுல உங்க ஃபைல் எதுவும் போகாது. பக்கத்துலயே ரீசெட் திஸ் பிசின்னு ஒண்ணு இருக்கும், அவசரத்துல அத தட்டிடாதீங்க, அது விண்டோஸையே புதுசா போடுற வேற பாதை.

இந்த நேரத்துல சில லேப்டாப்ல திடீர்னு நீல ஸ்க்ரீன் வந்து, டிஸ்க்க பூட்டி வைக்குற பிட்லாக்கரோட ரெக்கவரி கீ கேக்கும், 48 இலக்க நம்பர். விண்டோஸுக்கு முன்னாடி மெஷின எழுப்புற பயாஸ் அப்டேட் ஆனப்புறமும் கேக்கலாம். நெறைய பேருக்கு பிட்லாக்கர் ஆன்ல இருக்குறதே அன்னைக்குதான் தெரியும். உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல அந்த கீ இருக்கான்னு, இத படிச்சு முடிச்ச கையோட, லேப்டாப் நல்லா இருக்கும்போதே லாகின் பண்ணி பாத்து ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க. அந்த லேப்டாப்லயே சேவ் பண்ணி வெச்சா பூட்டுன வீட்டுக்குள்ள சாவிய வெச்ச கதைதான்.

அப்டேட் திரும்பத் திரும்ப ஃபெயில் ஆகுதுன்னா மொதல்ல சி டிரைவ்ல எடம் இருக்கான்னு பாருங்க, பாதி கேசு அங்கயே முடிஞ்சுடும். எடம் இருந்தும் ஃபெயில்னா செட்டிங்ஸ்ல சிஸ்டம், ட்ரபிள்ஷூட், அதர் ட்ரபிள்ஷூட்டர்ஸ் போய் விண்டோஸ் அப்டேட் பக்கத்துல இருக்குற ரன்ன தட்டுங்க.

மத்தவங்களுக்கு

விண்டோஸ் 10 வெச்சிருக்குறவங்களுக்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட நின்னுடுச்சு. மைக்ரோசாஃப்ட்டோட நீட்டிப்புத் திட்டத்துக்கு பதிவு பண்ணியிருந்தா மட்டும் 2026 அக்டோபர் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும். ஆரஞ்சு புள்ளி வராதது நிம்மதியா இருக்குன்னு ஒருத்தர் சொன்னாரு, அது நிம்மதி இல்ல சார்.

மேக்ல இவ்வளவு கூத்து இல்ல, சிஸ்டம் செட்டிங்ஸ்ல ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட் போய் ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ் பக்கத்துல இருக்குற ஐ எழுத்த தட்டுனா டவுன்லோட் தனியா இன்ஸ்டால் தனியா ஆன் ஆஃப் பண்ணலாம். லினக்ஸ் வகைல ஒண்ணான உபுண்டுல செக்யூரிட்டி அப்டேட் பின்னாடி தானா போட்டுக்கும், ஷட் டவுன் நேரத்துல அது நடுவுல இருந்தா கொஞ்சம் காத்திருக்கச் சொல்லும், காத்திருங்க. கெர்னல் மாறுனா ரீஸ்டார்ட் பண்ணாத்தான் புதுசு வேலைக்கு வரும்.

ஆஃபீஸ் லேப்டாப்னா மேல சொன்ன செட்டிங்ஸ்ல பாதி மங்கலாத்தான் இருக்கும், சில செட்டிங்ஸ உங்க நிறுவனம் பாத்துக்குதுன்னு மேல ஒரு வரி இருக்கும். அதோட மல்லுக்கட்டாதீங்க, அங்க டெட்லைன் வெச்சிருப்பாங்க, அது தாண்டுனா நீங்க ப்ரசன்டேஷன்ல இருந்தாலும் கேக்காம ரீஸ்டார்ட் ஆகிடும். ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லி மொத நோட்டிஃபிகேஷன் வந்த அன்னைக்கு மதியம் சாப்பிடப் போகும்போதே குடுத்துட்டு போயிடுங்க.